சண்டிகருக்கு ஒரு மடல்: ஒரு கண்ணாடித் துண்டு தாருங்கள்

மத்திய அறிவியல் கருவிகள் நிறுவன விஞ்ஞானிகளுக்கு,

வணக்கம். சூலூர் விமானப்படைத் தளத்துக்குப் பக்கத்து ஊரில் இயற்பியல் ஆசிரியர் நான். 2018-இல் தேஜஸ் போர் விமானம் இங்கே வந்த பிறகு, சத்தம் கேட்டாலே பிள்ளைகள் ஜன்னலுக்கு ஓடிவிடுகிறார்கள். அதில் விமானியின் முகத்துக்கு நேரே நிற்கிற ஹெட்-அப் டிஸ்ப்ளே என்ற காட்சிக் கண்ணாடி உங்களிடம் உருவானது என்றேன். "ஒரு கண்ணாடியில என்ன சார் பெரிய விஷயம்?" என்றான் ஒருவன்.

பலகையில் படம் போட்டேன். வேகமும் உயரமும் பச்சை எழுத்தாக அந்தக் கண்ணாடியில் பட்டுத் திரும்பி, வெகுதொலைவில் மிதப்பதுபோல் தெரியும். விமானி தலையைக் குனியவும் வேண்டாம், பார்வையைக் கிட்டத்துக்கு இழுக்கவும் வேண்டாம். இதுவரை சரி. ரஃபேல் போர் விமானத்தில் இருக்கும் ஹாலோகிராம் வகைக்கு வந்ததும் திணறிவிட்டேன்.

சாதாரணப் பூச்சுக் கண்ணாடி எழுத்தைக் காட்ட, வெளியுலக வெளிச்சத்தில் கொஞ்சத்தைப் பலி கொடுக்கும். ஹாலோகிராம் வகையில் இரு கண்ணாடிகளுக்கு நடுவே ஜெலட்டின் படலம் இருக்கும். ஜெல்லி மிட்டாயில் சேர்க்கிற அதே ஜெலட்டின்தான், டைகுரோமேட் என்ற வேதி உப்பு கலந்து ஒளியுணரச் செய்தது! இரண்டு லேசர் கற்றைகள் அதற்குள் சந்தித்து, ஏறத்தாழ 200 நானோமீட்டர் இடைவெளியில் அடுக்குகளைப் பதிக்கின்றன. அவை குறிப்பிட்ட பச்சையை மட்டும் திருப்பி, மற்ற நிறங்களை உள்ளே விட்டுவிடும். தட்டையாக இருந்தாலும் குழியாடியின் வேலையையும் பார்க்கும். அதனால்தான் ரஃபேலில் 30 பாகை அகலம், 22 பாகை உயரத்துக்குக் காட்சி விரிகிறது.

இதைச் சொல்லிப் புரியவைக்க முடியவில்லை, காட்டத்தான் வேண்டும். வெள்ளை விளக்கைப் பிடித்தால் பச்சை மட்டும் திரும்பி வரும். கண்ணாடியைச் சாய்த்தால் அந்தப் பச்சை நீலத்தின் பக்கம் நகரும். அடுக்குகளின் இடைவெளியும் கோணமும்தான் எந்த நிறம் திரும்பும் என்று தீர்மானிக்கும் என்கிற பிராக் விதியைப் பத்து வருடமாகப் பாடம் நடத்துகிறேன், ஒருமுறைகூடக் கண்ணால் பார்த்ததில்லை.

ஆகவே என் கோரிக்கை இதுதான்: தரச் சோதனையில் தேறாமல் ஒதுக்கிய ஹாலோகிராம் கண்ணாடித் துண்டு இருந்தால், கோவை மண்டல அறிவியல் மையத்துக்கு ஒன்று கொடுங்கள். இல்லையென்றால் செய்முறைக்காக உள்ளங்கை அளவுக்கு ஒன்று பூசித் தந்தாலும் போதும். மென்பொருள், குறியீடுகள், தேஜஸுக்கான அளவுகள் எதுவும் வேண்டாம். பாடநூலில் உள்ள தத்துவத்தை யாரும் ரகசியம் என்று சொல்லப்போவதில்லை.

முனை உடைந்திருந்தாலும் பரவாயில்லை. ஈரம் பட்டால் ஜெலட்டின் கெட்டுவிடும் என்பதால் ஓரத்தை மட்டும் நன்றாக அடைத்து அனுப்புங்கள். ஐப்பசி மழை எங்களுக்கும் உண்டு.

அன்புடன்,
சூலூர்ப் பக்கத்து ஆசிரியர்