டென்மார்க்கின் வெற்றியை அதிர்ஷ்டம் என்று ஒதுக்காதீர்கள்

கோலாலம்பூர்
23 மே 2025

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உலக ஐஸ் ஹாக்கி காலிறுதியில் டென்மார்க் 2-1 என்று கனடாவை வீழ்த்திய செய்தியை இன்று உங்கள் இணையப் பதிப்பில் படித்தேன். தமிழில் இந்த விளையாட்டுக்கு இடம் கொடுத்ததற்கு நன்றி. ஆனால் அதை "அதிர்ஷ்ட வெற்றி" என்று எழுதி, சனிக்கிழமை அரையிறுதியில் சுவிட்சர்லாந்திடம் டென்மார்க்குக்கு வாய்ப்பே கிடையாது என்றும் முடித்துவிட்டீர்கள். இரண்டையுமே என்னால் ஏற்க முடியவில்லை.

கனடா அணியில் உலகின் முன்னணி வீரர்களான சிட்னி கிராஸ்பி இருந்தார், நேதன் மெக்கின்னன் இருந்தார். அப்படியும், தலா 20 நிமிடம் கொண்ட மூன்று பகுதிகளில் முதல் இரண்டில் கோல் விழவில்லை. மூன்றாம் பகுதியில்தான் டிராவிஸ் சான்ஹைம் கனடாவுக்கு ஒரு கோல் போட்டார். ஆட்டம் முடிய இரண்டு நிமிடம் சொச்சம் இருக்கும்போது நிக்கோலாய் ஏலர்ஸ் சமன் செய்தார். 49 விநாடி மிச்சமிருக்கையில் நிக் ஓலேசன் வெற்றிக் கோலை அடித்தார். இந்தக் கடைசி நிமிடங்களை மட்டும் பார்ப்பவருக்கு அதிர்ஷ்டம் என்றுதான் தோன்றும். சரி, அதுவரை ஒரே கோல் வித்தியாசத்தில் தாக்குப்பிடித்தது யார்? கோல் காவலர் பிரெடரிக் டிக்கோவ் 39 ஷாட்டுகளைத் தடுத்திருக்கிறார். ஐஸ் ஹாக்கியில் கோல் வாய் 1.83 மீட்டர் அகலம், 1.22 மீட்டர் உயரம்தான். நாம் திடலில் ஆடும் ஹாக்கியில் அகலமே 3.66 மீட்டர். இவ்வளவு சிறிய வாயில் முழுக் கவசத்தோடு நிற்பவர் ஒரு நாள் அசராமல் நின்றுவிட்டால் எப்பேர்ப்பட்ட அணியும் திணறும்.

அதோடு, இது ஒரே ஆட்டம். வட அமெரிக்கத் தொழில்முறை லீக்கின் ஸ்டான்லி கோப்பைக்கான தொடரில் ஒரே எதிரணியை நான்கு முறை வெல்ல வேண்டும். ஏழு ஆட்டம் வரை போகும். பெரிய அணி ஒரு நாள் சறுக்கினால் அடுத்த ஆட்டத்தில் சரிசெய்துகொள்ளலாம். உலகப் போட்டியின் நாக் அவுட்டில் அந்த மறுவாய்ப்பு கிடையாது. சிறிய அணி எதிரணியைவிட சிறந்ததாக இருக்க வேண்டியதில்லை. கடைசிப் பத்து நிமிடம் வரை ஆட்டத்தைக் கைநழுவ விடாமல் வைத்திருந்தால் போதும்.

2002 ஒலிம்பிக்கில் குழு ஆட்டங்கள் மூன்றிலும் தோற்ற பெலாரஸ் காலிறுதியில் சுவீடனை 4-3 என்று வென்றது. விளாதிமிர் கோபாட் தூரத்திலிருந்து அடித்த வட்டு (இந்த ஆட்டத்தில் பந்துக்குப் பதில் வட்டுதான்) கோல் காவலர் டாமி சாலோவின் தலைக்கவசத்தில் பட்டு உள்ளே விழுந்தது. அந்தக் கோல் அதிர்ஷ்டம்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சுவீடனை 3-3 வரை இழுத்துக்கொண்டு வந்தது அதிர்ஷ்டமா? அரையிறுதியில் அதே பெலாரஸ் கனடாவிடம் 7-1 என்று தோற்றது. கோல் காவலர் மட்டும் போதாது என்பதற்கும் சான்று உண்டு. 2014 சோச்சி ஒலிம்பிக் காலிறுதியில் லாட்வியாவின் கிறிஸ்டர்ஸ் குட்லெவ்ஸ்கிஸ் 55 ஷாட்டுகளைத் தடுத்தும் கனடாதான் 2-1 என்று வென்றது.

சனிக்கிழமை சுவிட்சர்லாந்தின் கைதான் ஓங்கியிருக்கிறது. போன வருடம் இறுதியாட்டம் வரை போன அணி, காலிறுதியில் ஆஸ்திரியாவை 6-0 என்று நொறுக்கியது, குழு ஆட்டத்தில் டென்மார்க்கையும் வென்றது. இந்த முறை, காலிறுதி நடந்த டென்மார்க் நகரமான ஹெர்னிங்கின் ரசிகர்களின் ஆரவாரமும் டென்மார்க்குக்குத் துணையிருக்காது; ஆட்டம் ஸ்டாக்ஹோமில். டென்மார்க் வெல்ல நான்கில் ஒரு வாய்ப்பு என்பது என் கணிப்பு. முதல் பகுதியில் கோல் வாங்காமல் இருந்தால் அது கூடும். ஆரம்பத்திலேயே இரண்டு கோல் வாங்கினால் தற்காப்பை விட்டு முன்னேறித்தான் ஆக வேண்டும், அப்புறம் ஐந்தாறு கோல்கூட விழலாம். அப்படி நடந்தால் "அன்றைக்கே சொன்னோம்" என்று மட்டும் தயவுசெய்து எழுதிவிடாதீர்கள். 1949இல் இதே ஸ்டாக்ஹோமில் கனடாவிடம் 47-0 என்று தோற்ற நாடு டென்மார்க். உலகப் போட்டியின் அரையிறுதியில் இப்போதுதான் முதன்முறையாகக் கால் வைக்கிறது.

நமக்கு இது புரியாத விஷயமா? 1975இல் இதே கோலாலம்பூரில், உலகக் கிண்ண ஹாக்கி அரையிறுதியில் ஸ்ரீ சண்முகநாதன் தலைமையிலான நம் மலேசிய அணி இந்தியாவுக்கு எதிராக 2-1 என்று முன்னணியில் இருந்தது. கடைசி நேரத்தில் அஸ்லம் ஷேர் கான் சமன் செய்ய, கூடுதல் நேரத்தில் 3-2 என்று தோற்றோம். அந்த அணி அதிர்ஷ்டத்தால்தான் அரையிறுதிக்கு வந்தது என்று வெளிநாட்டுப் பத்திரிகை ஒன்று எழுதியிருந்தால் நமக்குப் பொறுத்திருக்குமா?

2017இல் தென்கிழக்காசிய நாடுகளின் சீ விளையாட்டுப் போட்டி நம் நாட்டில் நடந்தபோதுதான் ஐஸ் ஹாக்கி அதில் முதன்முறையாகச் சேர்ந்தது. சன்வே பிரமிட் வணிக வளாகத்தின் பனித்திடலில் சறுக்கப் பழகும் பிள்ளைகளில் நம் பிள்ளைகளும் உண்டு. அவர்களும் உங்கள் விளையாட்டுப் பக்கத்தைப் படிப்பார்கள். ஆகவே சனிக்கிழமை ஆட்டத்துக்கு இன்னும் கொஞ்சம் இடம் ஒதுக்குங்கள். முதல் பகுதி எப்படிப் போனது, டிக்கோவ் எத்தனை ஷாட்டுகளைத் தடுத்தார், ஆட்டம் எந்த இடத்தில் திரும்பியது என்று எழுதுங்கள், யார் வென்றாலும்.

இப்படிக்கு,
பிரிக்பீல்ட்ஸ் வாசகர் ஒருவர்