மண்டகப்படி லைட்டு விஷயமாக

கோ.புதூர், மதுரை

அன்புள்ள மாப்ள,

பதில் போடத் தாமதமாகிவிட்டது, கோபித்துக்கொள்ளாதே. இங்கே எல்லாரும் சுகம். அத்தைக்கு முட்டி வலி தேவலையா? சித்தப்பா இன்னும் சீரியல் செட்தான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாரா?

அழகர் வந்து தங்கிப்போகும் நம் மண்டகப்படிப் பந்தலில் மாலை ஆறு முதல் காலை ஆறு வரை லைட்டு தானாக எரிய வேண்டும் என்று எழுதியிருந்தாய். நீ அனுப்பிய வரைபடத்தில் எல்.இ.டி. ஸ்ட்ரிப்புக்குக் கரண்டை ஆர்டுயினோ நானோவின் (நிரல் ஏற்றி ஓட்டும் சின்ன போர்டு) பின்னிலிருந்தே இழுத்திருக்கிறாய். வேண்டாம்டா. ஒரு பின்னிடம் 20 மில்லி ஆம்பியருக்கு மேல் கேட்கக்கூடாது. 5050 ரகம், மீட்டருக்கு 60 பல்பு என்றால் மீட்டருக்கு 14.4 வாட், ஐந்து மீட்டர் ரோல் 12 வோல்ட்டில் 6 ஆம்பியர் இழுக்கும். இரண்டு ரோலுக்கு 12. பவர் சப்ளை 15 ஆம்பியர் போதும் என்பார்கள். சித்திரைப் புழுக்கத்தில் மூடிய பெட்டிக்குள் திணறும், 20 வாங்கு.

ரோலுக்கு ஒரு மாஸ்ஃபெட், அதாவது நானோவின் சின்ன சிக்னலை வைத்துப் பெரிய கரண்டைத் திறந்து மூடும் சுவிட்ச். அதற்கு கேட், டிரெயின், சோர்ஸ் என்று மூன்று கால். கடையில் கேட்டால் ஐ.ஆர்.எஃப்.இசட்.44என்-ஐ நீட்டுவார்கள். கேட்டில் 10 வோல்ட் வந்தால்தான் அது முழுதாகத் திறக்கும். நானோ தருவதோ 5. அரைகுறையாகத் திறந்து சூடேறியே போய்விடும். ஐ.ஆர்.எல்.இசட்.44என் என்று எழுத்தைப் பார்த்து வாங்கு. 6 ஆம்பியரில் அதுவும் ஒரு வாட் அளவுக்குச் சுடும், சின்ன ஹீட் சிங்க் மாட்டு. ஸ்ட்ரிப்பின் பிளஸ் 10 ஆம்பியர் ஃபியூஸ் வழியாக 12 வோல்ட்டுக்கு, மைனஸ் டிரெயினுக்கு, சோர்ஸ் கிரவுண்டுக்கு. நானோவின் கிரவுண்டையும் பவர் சப்ளையின் கிரவுண்டையும் சேர்க்க மறந்தால் லைட்டு இஷ்டத்துக்கு மினுக்கும். பின்னுக்கும் கேட்டுக்கும் நடுவில் 220 ஓம் ரெசிஸ்டர். கேட்டிலிருந்து கிரவுண்டுக்கு 10 கிலோ ஓம். இது இல்லாவிட்டால் நானோ விழித்தெழும் அந்த நொடியில் லைட்டு பளிச்சென்று அடிக்கும். இரண்டு ரோலை வால் பிடித்து ஒட்டாதே, கடைசிப் பல்புகள் மங்கும். ஒவ்வொரு ரோலுக்கும் இரு முனையிலும் 1.5 ஸ்கொயர் வயரில் சப்ளை கொடு.

இனி நேரம். இதைத்தான் நீ அசட்டையாக எழுதியிருக்கிறாய். நானோவின் சொந்தக் கடிகாரம் நாளுக்குச் சில நிமிடம்கூடப் பிசகும். கரண்ட் போனால் மொத்தமும் மறந்துபோகும். டி.எஸ்.3231 என்ற தனிக் கடிகார மாட்யூல் போடு, வருஷத்துக்கே ஒரு நிமிடம்தான் முன்பின் ஆகும். அதன் எஸ்.டி.ஏ. பின் நானோவின் ஏ4-க்கு, எஸ்.சி.எல். பின் ஏ5-க்கு. அந்த நீல நிற மாட்யூலில் பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் பாதை ஒன்று இருக்கிறது, அதில் போடும் சி.ஆர்.2032 பட்டன் பேட்டரியோ சார்ஜ் ஏற்றக்கூடாதது. அந்தப் பாதையில் இருக்கும் 200 ஓம் ரெசிஸ்டரை எடுத்துவிட்டுப் போடு.

"ஆறு மணி ஆனதும் ஆன் பண்ணு" என்று நீ எழுதியிருப்பது ஆபத்து. சரியாக ஆறுக்குக் கரண்ட் போய் ஆறு ஐந்துக்கு வந்தால், ராத்திரி முழுக்க இருட்டுதான். மணியை 60-ஆல் பெருக்கி நிமிடத்தைக் கூட்டு: மாலை ஆறு 1080, காலை ஆறு 360. ஒவ்வொரு நொடியும், இப்போது எரிய வேண்டிய நேரமா என்று கேட்கச் சொல். நள்ளிரவு குறுக்கே வருவதால் "1080-ம் அதற்கு மேலும், அல்லது 360-க்குக் கீழ்" என்று எழுது. "அல்லது" இருக்கும் இடத்தில் "மற்றும்" போட்டால் ஒருபோதும் எரியாது. இன்னொன்று: கடிகாரத்துக்கு மணி வைக்கும் வரியை ஒருமுறை ஓட்டியதும் நிரலிலிருந்து எடுத்துவிட்டுத் திரும்ப ஏற்று. இல்லாவிட்டால் ஒவ்வொரு தடவை கரண்ட் வரும்போதும் நீ நிரலைத் தொகுத்த மணிக்கே போய் நிற்கும்.

மாப்ள, என் வயிற்றைக் கலக்குவது இதெல்லாம் இல்லை. அழகர் வரும்போது தோப்பறையில் (தோல் பையில்) தண்ணீர் பீய்ச்சுவார்கள். பந்தலோ இரும்புக் குழாய். 230 வோல்ட் வரும் பெட்டியை ஆள் உயரத்துக்கு மேலே, பின்பக்கம், தண்ணீர் புகாத உறையில் வை. ஸ்ட்ரிப்பின் தண்ணீர் தாங்கும் தரம் ஐ.பி.65-க்குக் குறையக்கூடாது, வெட்டிய முனைகளில் சிலிகான் அடை. பவர் சப்ளைக்கும் பந்தலுக்கும் எர்த் கட்டாயம். கரண்ட் கசிந்தால் உடனே வெட்டும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இல்லாமல் கரண்ட் கொடுக்கவே கொடுக்காதே. அதன் டெஸ்ட் பட்டனைத் தினமும் சாயங்காலம் ஒருமுறை அமுக்கிப் பார். கூட்டத்தில் குழந்தைகள் குழாயைப் பிடித்துக்கொண்டுதான் நிற்கும். செலவு என்று சித்தப்பா முனகினால் என்னிடம் பேசச் சொல்.

ரோலின் உறையில் மீட்டருக்கு எத்தனை வாட் என்று போட்டிருக்கும், பார்த்து எழுது. 4.8 என்றால் 12 வோல்ட் 6 ஆம்பியர் சப்ளையே போதும், டவுன்ஹால் ரோட்டில் தேடி நானே வாங்கி வருகிறேன்.

அன்புடன்,
உன் மாப்ள