கட்டபொம்மனின் தலைப்பாகையை வெட்டாதீர்கள்

பழைய தமிழ்ப் படங்களின் நெகட்டிவ் உரிமை, வீடியோ உரிமை, இப்போது இணைய உரிமை என்று ஏதாவது ஒன்றைக் கையில் வைத்திருக்கும் அனைவருக்கும்,

வணக்கம். உங்களில் யாரிடம் எந்தப் படத்தின் எந்த உரிமை இருக்கிறது என்பது கோடம்பாக்கத்திலேயே பலருக்குத் தெரியாது. அதனால் யார் பெயரையும் போடாமல் எல்லோருக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

விஷயம் 'வீரபாண்டிய கட்டபொம்மன்'. வீட்டுக்குப் புது டிவி வந்த சாக்கில் அலமாரியில் கிடந்த பழைய டிவிடியைத் தேடி எடுத்துப் போட்டேன், அது திருப்தியாக இல்லை என்று இணையத்தில் கிடைக்கிற பிரதியையும் பார்த்தேன், இரண்டையும் பார்த்து முடித்தபோது படத்தின் மேல் மரியாதை கூடியிருந்தது, உங்கள் மேல் கோபமும் கூடியிருந்தது.

முதலில் படத்தைச் சொல்லிவிடுகிறேன். 1959 மே மாதம் வந்த படம். பி. ஆர். பந்துலு இயக்கம், சக்தி டி. கே. கிருஷ்ணசாமி வசனம், ஜி. ராமநாதன் இசை. சிவாஜி நாடக மன்றம் மேடையில் போட்டுப் போட்டுப் பதமாக்கிய கதை, அதன் பிறகுதான் திரைக்கு வந்தது. அந்த நாடகத்தனம் படத்தில் அப்படியே இருக்கிறது, இல்லை என்று சொல்ல மாட்டேன். முதல் பாதியில் நகைச்சுவை என்று வருபவை இன்று பொறுமையைச் சோதிக்கின்றன. ஆனால் ஜாக்சன் துரையைச் சந்திக்கும் காட்சி வந்ததும் வீட்டில் எல்லோரும் கைபேசியைக் கீழே வைத்துவிட்டார்கள். அந்த வசனம் நம்மில் பாதிப் பேருக்கு மனப்பாடம். திருவிழாக்களிலும் கல்யாண வீடுகளிலும் ரேடியோ செட்டுக்காரர் போட்ட ஒலிச்சித்திரத்தில் கேட்டுக் கேட்டே வந்த மனப்பாடம் அது. இந்தப் படத்தைக் கண்ணால் பார்த்தவர்களைவிடக் காதால் கேட்டவர்கள் அதிகமாக இருக்கலாம். அதனால்தானோ என்னவோ, வசனத்துக்கு முன்னால் சிவாஜி எடுத்துக்கொள்ளும் அந்தச் சின்ன இடைவெளியை, ஜாக்சனாக வரும் சி. ஆர். பார்த்தசாரதியின் முகத்தைப் பார்த்தபடியே அடுத்த வரிக்கு அவர் தயாராவதை, நான் இத்தனை காலம் கவனித்ததே இல்லை. கத்துகிற நடிகர் என்று அவரை ஒதுக்குகிறவர்கள் இந்த ஒரு காட்சியைச் சத்தத்தை அணைத்துவிட்டுப் பார்க்கலாம். எட்டப்பனாக வரும் வி. கே. ராமசாமியும் அப்படித்தான். சிரிக்க வைத்தே பழகிய அந்த முகம் இங்கே சிரித்தால் நமக்கு வயிற்றைப் பிசைகிறது.

சரி, இப்போது உங்கள் பங்குக்கு வருகிறேன்.

அந்தக் காலத்துப் படச்சட்டம் ஏறக்குறைய சதுரம், அகலம் நான்கு என்றால் உயரம் மூன்று. இன்றைய டிவி அகலமானது. பக்கவாட்டில் கறுப்புப் பட்டை தெரிந்தால் வாடிக்கையாளர் சண்டைக்கு வருவார் என்று பயந்து, மேலும் கீழும் வெட்டி, திரை நிறைய இழுத்துவிடுகிறீர்கள். கணக்குப் போட்டால் ஏறக்குறைய கால்வாசிப் படம் போய்விடுகிறது. தியேட்டர் மறுவெளியீட்டுக்கென்று சினிமாஸ்கோப் ஆக்கினால் இன்னும் மோசம், ஐந்தில் இரண்டு பங்கு காலி. நான் பார்த்த பிரதியில் ராஜா நிமிர்ந்து நின்று பேசும்போது தலைப்பாகை பாதிதான் தெரிகிறது. பரங்கியனுக்கு முன்னால் குனியாத தலையை நீங்கள் சீவிவிட்டீர்கள். டபிள்யூ. ஆர். சுப்பாராவ் என்ற ஒளிப்பதிவாளர் அளந்து வைத்த சட்டம் அது. அவர் பெயரும் தெரியாமல் போகட்டும் என்றோ என்னவோ, இணையப் பிரதியில் டைட்டிலையே தூக்கிவிட்டிருக்கிறார்கள்.

அடுத்தது சத்தம். சினிமா நொடிக்கு 24 பிரேம் ஓடும். நம்மூர் டிவி முறைக்காக வட்டில் ஏற்றும்போது அதையே 25 ஆக ஓட்டிவிடுவது ஒரு குறுக்கு வழி. மூன்று மணி நேரப் படத்தில் ஏழு நிமிடம் இப்படியே கரைந்துவிடும், ஒரு காட்சிகூட வெட்டாமல். அது போனால் போகட்டும், குரலின் சுருதியும் கொஞ்சம் ஏறிவிடுகிறதே! என்னிடம் இருக்கும் வட்டில் அப்படித்தான், சிவாஜியின் கனத்த குரல் கொஞ்சம் மெலிந்து போயிருக்கிறது, 'இன்பம் பொங்கும் வெண்ணிலா'வோடு சேர்ந்து பாடிப் பார்த்தால் சுருதி எங்கோ நிற்கிறது. காதால் வளர்ந்த படத்துக்கு இது நியாயமா? இன்னொரு பக்கம், ஒற்றை ஒலித்தடத்தில் இருந்ததைப் பல ஸ்பீக்கருக்குப் பிரிக்கிறேன் என்று குதிரைக் குளம்புக்கும் வாள் வீச்சுக்கும் புதுச் சத்தம் சேர்க்கும் பழக்கமும் வந்திருக்கிறது. ஜி. ராமநாதனுக்கு 1960இல் கெய்ரோ ஆப்பிரிக்க ஆசியத் திரைப்பட விழாவில் இசைக்காகப் பரிசு கொடுத்தார்கள், சிவாஜிக்கு நடிப்புக்காக. பரிசு வாங்கிய அந்த ஒலியைக் கேட்கத்தானே காசு கொடுக்கிறோம்?

நிறம் கொஞ்சம் சிக்கலான சமாச்சாரம், அதில் உங்களை மட்டும் குறை சொல்ல முடியாது. கேவாகலர் என்ற வண்ணப் பிலிமில் எடுத்து லண்டனில் டெக்னிகலர் முறையில் பிரதி போட்ட படம் இது. பழைய கலர் நெகட்டிவ்கள் வருடம் போகப் போக வெளிறும், டெக்னிகலர் சாயம் ஏற்றிய பிரதிகள் அவ்வளவு சீக்கிரம் வெளிறாது. அதனால் அப்படி ஒரு நல்ல பிரதி எங்காவது இருந்தால் அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நிறம் திருத்த வேண்டும். கம்ப்யூட்டரில் பளபளப்பு ஏற்றி, பிலிமுக்கே உரிய நுண்துகள்களை எல்லாம் வழித்துத் துடைத்து, பத்மினியை மெழுகு பொம்மையாக்குவதைச் சீரமைப்பு என்று சொல்லாதீர்கள். வேலை தெரிந்தவர்கள் இந்த ஊரிலேயே இருக்கிறார்கள், சாலிகிராமம் வரை போனால் போதும்.

'போகாதே போகாதே என் கணவா' பாட்டுக்கு நடுவில் மூலையில் நிறுவனச் சின்னம் சுற்றிக்கொண்டே இருப்பதையும், கயத்தாறில் தூக்குக் கயிற்றை நோக்கிப் போகிற வழியில் சோப்பு விளம்பரம் வருவதையும் பற்றி எழுத ஆரம்பித்தால் மரியாதை கெட்டுவிடும். விட்டுவிடுகிறேன்.

காசு எங்கே என்று கேட்பீர்கள். இதே பந்துலுவின் 'கர்ணன்' 2012இல் மறுபடி வந்து இதே சென்னையில் நூறு நாளைத் தாண்டி ஓடியதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கட்டபொம்மனும் 2015இல் தியேட்டருக்கு வந்தான். ஆக, பழைய படம் என்றால் யாரும் வரமாட்டார்கள் என்ற கதை செல்லாது.

எனக்கு வேண்டியது பெரிதாக ஒன்றுமில்லை. படம் முழுதாக, அதன் சொந்தச் சட்டத்தில், சொந்த வேகத்தில், டைட்டிலோடு ஒரு ப்ளூரேயில் வேண்டும். காது மந்தமான பெரியவர்களுக்கும், தமிழ் கேட்டால் புரிந்தாலும் இந்த வேகத்தில் பிடிக்க முடியாத வெளியூர்ப் பிள்ளைகளுக்கும் தமிழிலேயே எழுத்து ஓட வேண்டும். கூடவே ஒரு சிறு புத்தகம். கட்டபொம்மன் 1799 அக்டோபர் 16 அன்று தூக்கிலிடப்பட்டது வரலாறு, ஆனால் படத்தில் வருவதெல்லாம் வரலாறா என்ற சண்டை தமிழில் பல காலமாக நடக்கிறது. கட்டபொம்மனை விடுதலை வீரராகக் கொண்டாடி நூல் எழுதிய ம. பொ. சி. பக்கத்து வாதத்தையும் அதை மறுப்பவர்கள் சொல்வதையும் இரண்டு கட்டுரைகளாகப் போடுங்கள், படிக்கிறவர் முடிவு செய்துகொள்ளட்டும். கயத்தாறில் இடம் வாங்கிச் சிவாஜி சிலை வைத்த கதையும் அதிலேயே வரலாம். எதை எங்கே வெட்டியிருக்கிறார்கள் என்று சரிபார்க்கப் பழைய பாட்டுப் புத்தகம் வேண்டுமானால் தரமணியில் ரோஜா முத்தையா நூலகம் இருக்கிறது, முதலில் அங்கே போய்க் கேட்டுப் பாருங்கள்.

இது கைகூடினால் அடுத்து அதே 1959இல் கண்ணதாசன் எடுத்த 'சிவகங்கைச் சீமை'. மருது சகோதரர்கள் கதை, கறுப்பு வெள்ளை, கட்டபொம்மனோடு மோதி அடிபட்ட படம். அதற்கு ஒழுங்கான பிரதி யாரிடமாவது இருந்தால், விலை என்ன என்று மட்டும் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஒரு ரசிகன்,
மேற்கு மாம்பலம், சென்னை