கண்காணிப்பாளர் இல்லாத தேர்வு அறை

ஹேவர்ஃபோர்ட், பென்சில்வேனியா
ஏப்ரல், ஞாயிறு இரவு

அன்புள்ள மாப்ள,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. பதில் போடாததற்குச் சோம்பல் காரணம் இல்லை, தீசிஸ். இங்கே கடைசி வருடத்தில் இருப்பவர்கள், எந்தப் பாடமாக இருந்தாலும், ஒரு ஆய்வேடு எழுதியே ஆகவேண்டும். மூன்று மாதமாக நூலகத்தில் ஒரு மூலை மேசைதான் என் வீடு.

தலைப்பு என்ன என்று கேட்டிருந்தாய். சிரிக்காதே, கிரிக்கெட். அமெரிக்காவில் கிரிக்கெட்டா என்றுதான் நானும் முதலில் நினைத்தேன். இந்த ஹேவர்ஃபோர்ட் கல்லூரி 1833இல் தொடங்கியது. அடுத்த வருடம் மைதானத்தையும் மரங்களையும் கவனிக்க வில்லியம் கார்வில் என்ற ஆங்கிலேயத் தோட்டக்காரரைக் கூட்டிவந்தார்கள். அவர் மரம் நட்டதோடு நிற்காமல் பையன்களுக்கு கிரிக்கெட்டையும் சொல்லிக்கொடுத்துவிட்டார். 1864இல் பென்சில்வேனியா பல்கலைக்கழக அணியை இவர்கள் தோற்கடித்திருக்கிறார்கள். பக்கத்து ஊரான ஃபிலடெல்ஃபியாவில் பார்ட் கிங் என்று ஒரு வேகப்பந்து வீச்சாளர் இருந்தார். 1908இல் இங்கிலாந்து சுற்றுப்பயணத்தில் 87 விக்கெட், சராசரி 11.01. அந்த சீசனில் அந்த நாட்டுப் பந்துவீச்சாளர்கள் எல்லோரையும் விட நல்ல சராசரி. ஐம்பது வருடம் அதை யாரும் தாண்டவில்லை. இப்படி இருந்த ஆட்டம் பேஸ்பாலுக்கும் டென்னிஸுக்கும் நடுவே எப்படி அழிந்தது என்பதுதான் என் கேள்வி. பதில் பாதிதான் கிடைத்திருக்கிறது. மீதியை எடுத்துக்கொடுக்க நூலகத்தில் கிரிக்கெட்டுக்கென்றே ஒரு தனிச் சேகரிப்பு இருக்கிறது, அது என் அதிர்ஷ்டம்.

இன்றைக்கு அமெரிக்காவில் வார்சிட்டி கிரிக்கெட் அணி, அதாவது கல்லூரியின் அதிகாரப்பூர்வ அணி, வைத்திருக்கும் ஒரே கல்லூரி இதுதான். முதல் வருடம் என் முகத்தைப் பார்த்ததுமே சேர்த்துக்கொண்டார்கள். நம்ம தெருவில் எனக்குக் கடைசி பேட்டிங்தான் என்பதைப் பிறகு மெல்லத் தெரிந்துகொண்டார்கள்.

சரி, நீ உண்மையில் கேட்டது இதையல்ல. தேர்வில் காப்பியடிக்கிறார்களா, மாட்டினால் என்ன செய்வார்கள் என்று கேட்டிருந்தாய். உனக்கு அந்தக் கேள்வி ஏன் வரும் என்று எனக்குத் தெரியும். பிளஸ் டூ கணக்குப் பரீட்சை அன்று, ஒரு கணக்கு வராமல் நீ மின்விசிறியை அண்ணாந்து பார்த்த பாவத்துக்கு, பறக்கும் படைக்காரர் உன் சட்டைப் பை, பெல்ட், செருப்பு வரைக்கும் சோதித்தாரே! ஒன்றும் கிடைக்காமல் அவர் போனதும் உன் கை நடுங்கியது. அந்தப் பத்து மதிப்பெண் அதில்தான் போனது என்று இன்றைக்கும் சொல்கிறாய். நானும் நம்புகிறேன்.

இங்கே தேர்வு அறையில் மேற்பார்வைக்கு யாரும் கிடையாது. செமஸ்டர் முடிவில் பெரும்பாலான பாடங்களுக்கு எந்த நாள், எந்த வேளை எழுதுவது என்பதையே நாம்தான் முடிவு செய்கிறோம். உறையில் கேள்வித்தாளை வாங்கிக்கொண்டு அறையில் உட்கார்ந்து எழுதி, நேரம் முடிந்ததும் நாமே நிறுத்திவிட்டு ஒப்படைக்க வேண்டும். முன்னாலேயே எழுதிவிட்டு வந்தவன் சாப்பாட்டு மேசையில் உன் எதிரில் உட்கார்ந்திருப்பான். கேள்வி சுலபமா கடினமா என்றுகூட அவனும் சொல்ல மாட்டான், நீயும் கேட்க மாட்டாய். மதிப்பெண் பற்றிய பேச்சும் கிடையாது. நாலு வருடம் ஒரே வீட்டில் இருந்த என் அறைத்தோழன் என்ன மதிப்பெண் வாங்குகிறான் என்று எனக்குத் தெரியாது. எங்கள் அம்மாவால் இதைத்தான் கடைசிவரை நம்ப முடியவில்லை. "பக்கத்துல இருக்கிற பையன் எவ்வளவுடா?" என்று இன்னமும் கேட்கிறார்.

இதற்கு ஆனர் கோட், அதாவது நேர்மை விதி, என்று பெயர். 1897இலிருந்து இருக்கிறது. முதலில் இதைக் கேட்டபோது ஏதோ நல்லவர்களின் ஊருக்கு வந்துவிட்டோம் போல என்று நினைத்தேன். அப்படியில்லை. காப்பியடிப்பவர்கள் இங்கேயும் உண்டு. மாட்டினால் மாணவர்களே ஜூரியாக உட்கார்ந்து விசாரிக்கிறார்கள். பிறகு பெயர்களையெல்லாம் மாற்றி, நடந்ததை எழுதி எல்லோருக்கும் படிக்கக் கொடுப்பார்கள். முதல் முறை அப்படி ஒன்றைப் படித்தபோது எனக்கு வயிற்றைப் பிசைந்தது. அதில் இருந்தவன் செய்த தப்பு, நானும் ஒரு ராத்திரி மூன்று மணிக்குச் செய்திருக்கக்கூடிய தப்பு.

இந்தக் கோட் தானாக நிலைப்பதில்லை என்பதுதான் நான் உனக்குச் சொல்ல வந்தது. வருடா வருடம் மாணவர்கள் கூடி இதை மறுபடி ஏற்றுக்கொள்ள வேண்டும். அந்தக் கூட்டத்துக்கு ப்ளீனரி என்று பெயர், வருடத்துக்கு இரண்டு தடவை. மொத்தமே 1,400 பேர் போலத்தான் படிக்கிறோம். அதில் போதுமான பேர் வந்து சேரும்வரை கூட்டம் தொடங்காது. நடுவில் ஆட்கள் நழுவி எண்ணிக்கை குறைந்தாலும் நின்றுவிடும். போர்வை, தலையணை, பின்னல் ஊசி, பாதி எழுதிய அசைன்மென்ட் என்று மூட்டை கட்டிக்கொண்டுதான் வருவார்கள். ஒரு வாக்கியத்தில் ஒரு சொல்லை மாற்றலாமா என்று முக்கால் மணி நேரம் ஓடும். முதல் வருடம் நான் தூங்கிவிட்டேன். 2018இல் போதுமான ஓட்டு விழாமல் கோட் தோற்றே போனது. மறுபடி தனியாகக் கூட்டம் போட்டுத்தான் மீட்டார்களாம். இந்த வசந்த காலத்து ப்ளீனரி எனக்குக் கடைசி. தூங்கவில்லை.

இதெல்லாம் இந்தக் கல்லூரியைத் தொடங்கிய குவேக்கர்கள் என்ற கிறிஸ்தவப் பிரிவினரின் பழக்கத்திலிருந்து வந்தது. இங்கே படிப்பவர்களில் குவேக்கர்கள் கொஞ்சம் பேர்தான், ஆனால் பழக்கம் சுவரில் ஊறியிருக்கிறது. அவர்கள் வழிபாட்டில் பாதிரியார் இல்லை, பாட்டு இல்லை. சும்மா உட்கார்ந்திருப்பார்கள். யாருக்காவது சொல்லத் தோன்றினால் எழுந்து சொல்லலாம். பல கூட்டங்கள்கூட ஒரு நிமிட மௌனத்தோடுதான் தொடங்கும். பழைய காலத்தில் இவர்கள் பிரபுவுக்கும் தொப்பியைக் கழற்ற மாட்டார்களாம். மரியாதைச் சொல் கிடையாது, எல்லோரையும் ஒருமையில்தான் விளிப்பார்களாம். நம்ம பாஷையில் சொன்னால், கலெக்டரையும் "நீ" என்று கூப்பிடுவது! அதற்காகச் சிறைக்கும் போயிருக்கிறார்கள். சில பேராசிரியர்கள் பெயர் சொல்லிக் கூப்பிடச் சொல்கிறார்கள். நாலு வருடம் முயன்றேன். என் வாயில் "ப்ரொஃபசர்" தான் வருகிறது.

நீ ரசிக்கிற மாதிரி ஒன்று சொல்லவா? ஒரு மைல் தள்ளி ப்ரின் மார் என்று பெண்கள் கல்லூரி. அதையும் குவேக்கர்கள்தான் தொடங்கினார்கள், இரண்டிலும் பாடம் எடுத்துக்கொள்ளலாம், நடுவில் ஒரு நீலப் பேருந்து ஓடுகிறது. சடங்கு விஷயத்தில் நாங்கள் அவர்கள் கால் தூசிக்கு வரமாட்டோம். முதல் வருட மாணவிகளுக்கு விளக்குக் கொடுக்க ஒரு ராத்திரி, மே மாதம் கம்பத்தைச் சுற்றி நடனம். அங்கே கூடத்தில் கிரேக்கத் தெய்வம் அதீனாவுக்கு ஒரு சிலை. பரீட்சை சமயத்தில் அதன் காலடியில் மிட்டாய், பூ, மெழுகுவர்த்தி, வேண்டுதல் சீட்டு எல்லாம் குவிந்து கிடக்கும். நம்ம பள்ளிக்கூட முக்குப் பிள்ளையார் காலில் பேனாவையும் ஹால் டிக்கெட்டையும் வைத்து எடுப்போமே, அதேதான். தேங்காய் மட்டும்தான் பாக்கி. போன வாரம் நானும் தீசிஸுக்காக ஒரு சாக்லேட் வைத்துவிட்டு வந்தேன். யாரிடமும் சொல்லாதே.

அப்புறம், மே மாதம் பட்டமளிப்பு. அம்மாவுக்கு விசா கிடைத்துவிட்டது, அப்பா வரவில்லை, கடையைப் பூட்ட முடியாது என்கிறார். வேலை இன்னும் உறுதியாகவில்லை. ஒரு இடத்தில் இண்டர்வியூ, மடிக்கணினி வழியாக ஒரு தேர்வு வைத்தார்கள். கேமரா என் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தது, பார்வை விலகினால் எச்சரிக்கை வரும். பாதியில் ஒரு கேள்விக்கு யோசிக்க அண்ணாந்து பார்த்துவிட்டேன். உன் ஞாபகம்தான் வந்தது.

உன் ப்ராஜெக்ட் வைவா எப்போது? தங்கை கல்யாணத் தேதி முடிவாகிவிட்டதா? ஜூன் என்றால் நான் வந்துவிடுவேன், ஜூலை என்றால் சந்தேகம். சனிக்கிழமை மேட்ச் இருக்கிறது. போன செப்டம்பர் வரை பேட்டையே தொட்டிராத ஒரு பையனை ஓப்பனிங் இறக்குகிறோம். பேஸ்பால் ஆடியவன், வருகிற எல்லாப் பந்தையும் தூக்கி அடிக்கிறான். எத்தனை ஓவர் நின்றான் என்று அடுத்த கடிதத்தில்.

உன்
கடைசி பெஞ்ச்காரன்