என் ஹெரால்டுக்கு யார் வைத்த விலை?

ஆசிரியருக்கு வணக்கம்.

2023 டிசம்பர் 4, மிக்ஜாம் புயலன்று, மடிப்பாக்கத்தில் எங்கள் வீட்டு வாசலில் நின்றிருந்த 1970ஆம் ஆண்டு ஸ்டாண்டர்ட் ஹெரால்டு காருக்குள் இருக்கை மட்டம்வரை தண்ணீர் ஏறியது. சென்னைக்காரர்கள் செய்த வண்டி. அப்பா புதிதாக வாங்கியது. அதன் 948 சி.சி. எஞ்சினில் நான் கை வைக்கவில்லை. தண்ணீர் குடித்த எஞ்சினை ஸ்டார்ட் செய்தால் கனெக்டிங் ராடு வளையும், அந்தச் செலவைக் காப்பீட்டில் கேட்கவும் முடியாது என்பது அம்பத்தூரில் முப்பத்தோராண்டு லேத் முன்னால் நின்ற எனக்குத் தெரியும். தெரியாமல் போனது பாலிசியில் அச்சடித்திருந்த ஓர் எண்தான்.

அந்த எண் 45,000. ஐ.டி.வி. என்கிறார்கள், அதாவது காப்பீட்டுக்காகக் குறித்த வண்டியின் மதிப்பு. ஒர்க்‌ஷாப் கொடுத்த எஸ்டிமேட் 61,000. பழுதுச் செலவு ஐ.டி.வி.யில் 75 சதவீதத்தைத் தாண்டினால் வண்டி முழு இழப்பாம். காயலான் கடை மதிப்பு 18,000, கட்டாயப் பிடித்தம் 1,000 போக 26,000 ரூபாய் தருகிறோம், ஆர்.சி.யை ஒப்படையுங்கள் என்றார்கள் காப்பீட்டு நிறுவனத்தார். ஆர்.சி. போய்விட்டால் அது வண்டி இல்லை, வாசலை அடைத்துக்கொண்டிருக்கும் தகரம்.

45,000 என்று முடிவு செய்தது யார் என்று கேட்டேன். நான்தானாம். ஐந்து வயது தாண்டிய வண்டிக்கும், தயாரிப்பு நின்றுபோன வண்டிக்கும் தேய்மான அட்டவணை கிடையாது. நிறுவனமும் உரிமையாளரும் பேசி மதிப்பை முடிவு செய்ய வேண்டும் என்பது விதி. என்னிடம் யாரும் பேசவில்லை. முகவர் நீட்டிய இடத்தில் ஆண்டுதோறும் கையெழுத்துப் போட்டதே பேசியதாகக் கணக்காகிவிட்டது. அந்தத் தவறில் பாதி என்னுடையது, ஒப்புக்கொள்கிறேன்.

எனவே அதிகம் கேட்டு வாதாடாமல், குறைத்துக் கேட்டு வாதாடினேன். இருக்கைகளையும் வயரிங்கையும் எஞ்சின் வேலையையும் நானே பார்த்துக்கொள்வதாக எழுதிக் கொடுத்து, எஸ்டிமேட்டை 33,200க்குக் கொண்டுவந்தேன். 75 சதவீதக் கோடு 33,750. கோட்டுக்கு 550 ரூபாய் கீழே! கூலி 14,000 முழுதாக வந்தது. 19,200 ரூபாய் உதிரிபாகங்களுக்குப் பாதிதான். பத்து வயது தாண்டிய வண்டியின் இரும்புக்கும், எந்த வயது வண்டியின் ரப்பருக்கும் 50 சதவீதம் கழிப்பார்கள். பிடித்தம் போகக் கையில் 22,600. முதலில் தருவதாகச் சொன்னதைவிட 3,400 குறைவு, ஆனால் ஆர்.சி. என் பீரோவில் இருக்கிறது. கிளை அலுவலகம் இதற்கும் ஏழு வாரம் இழுத்தடித்தது. காப்பீட்டுக் குறைதீர்ப்பாளர் சென்னையிலேயே இருக்கிறார், கட்டணமும் வக்கீலும் தேவையில்லை என்பதை நான் நினைவூட்டிய பிறகே கோப்பு நகர்ந்தது.

என் கேள்வி இதுதான். ஐம்பது வயது தாண்டிய, அசல் வடிவம் மாறாத கார்களைப் பாரம்பரிய வாகனமாகப் பதிவு செய்யலாம் என்று 2021இல் மத்திய போக்குவரத்து அமைச்சகம் விதி கொண்டுவந்தது. ஆனால் 2002இல் வகுத்த மோட்டார் காப்பீட்டு விதியோ, 1940க்குள் செய்த கார்களைத்தான் பாரம்பரியக் கார் என்றது. முன்கூட்டியே பேசி முடித்த மதிப்பை அப்படியே தரும் பாலிசியையும் அந்தக் கார்களுக்குத்தான் அனுமதித்தது. ஒரே நாட்டில் ஒரே கார், ஓர் அலுவலகத்துக்குப் பாரம்பரியம், இன்னொன்றுக்குக் காயலான் சரக்கு. இரண்டு வரையறைகளையும் ஒன்றாக்கக் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் ஏன் முன்வரக் கூடாது?

இம்முறை புதுப்பிக்கும்போது மதிப்பீட்டாளரின் சான்றிதழையும் எட்டுப் புகைப்படங்களையும் கொடுத்து, ஐ.டி.வி.யை 1,80,000 ஆக்கியிருக்கிறேன். பிரீமியம் கூடியதில் வீட்டம்மாவுக்கு வருத்தம்.

வண்டி ஓடுகிறது. இடது பின்கதவு ரப்பர் மட்டும் ஜி.பி. ரோட்டிலும் இல்லை, புதுப்பேட்டையிலும் இல்லை. தங்கள் வாசகர் யாரிடமாவது இருந்தால் மழைக்கு முன் வேண்டும்.

ஓய்வுபெற்ற டர்னர்,
மடிப்பாக்கம், சென்னை