மோட்டார்ஹோம் ஓட்டுறது ஈஸி, ரிவர்ஸ்தான் கஷ்டம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

ஞாயிறு இணைப்புல அமெரிக்கா டூர் பத்தி வந்த கட்டுரை நல்லாத்தான் இருந்துச்சு, ஆனா கார் லைசன்ஸ் இருந்தா போதும், மோட்டார்ஹோம் (படுக்கை, கிச்சன் எல்லாம் உள்ளயே இருக்குற வண்டி) வாடகைக்கு எடுத்து யோசெமிட்டி நேஷனல் பார்க் போயிடலாம்னு ஒரே வரில முடிச்சுட்டாங்க பாருங்க, அதான் இடிக்குது. லைசன்ஸ் மேட்டர் சரிதான், வாடகைக்கு விடுற சைஸுக்கு இங்க கலிபோர்னியால தனியா எதுவும் கேக்க மாட்டாங்க. ஹைவேல 30 அடி வண்டிய நேரா ஓட்டுறதும் ரெண்டு மணி நேரத்துல பழகிடும். ராத்திரி தங்க வண்டிய நிறுத்துற இடம், அதான் கேம்ப்சைட், அதுக்குள்ள ரிவர்ஸ்ல விடும்போதுதான் வேர்த்துக் கொட்டும்.

யோசெமிட்டில அப்பர் பைன்ஸ்ங்கற கேம்ப்கிரவுண்ட்ல 35 அடி வரைக்கும்தான் விடுவாங்க, லோயர் பைன்ஸ், நார்த் பைன்ஸ்ல 40 அடி. அதுவும் எல்லா சைட்டுக்கும் கிடையாது, எந்த சைட்டுக்கு எத்தன அடின்னு புக் பண்ற இடத்துலயே போட்டிருக்கும், நம்மாளுங்க ஆத்தங்கரை பக்கமான்னு மட்டும் பாத்துட்டு காசு கட்டிடுறாங்க.

அப்புறம் இந்த வண்டில பின் டயருக்குப் பின்னாடியும் பாடி நிறைய நீட்டிட்டு இருக்கும். முன்னாடி போயிட்டே ஸ்டியரிங்க இடது பக்கம் ஒடிச்சா வால் வலது பக்கம் வீசும், உள்ள விடும்போது தப்பிச்ச மரத்த மறுநாள் வெளிய எடுக்கும்போது போய் உரசுறது இதனாலதான். ரிவர்ஸ்ல ஒடிச்சா மூக்கு எதிர்ப்பக்கம் போகும், அப்ப எதிர் சைட்டுக்காரர் கார் மேல ஒரு கண்ணு வேணும். பின்னாடி கேமரா இருக்கேன்னு நம்பாதீங்க, அது தரையத்தான் காட்டும், மேல தொங்குற கிளைய காட்டாது, கூரை அடிபட்டா வாடகை இன்சூரன்ஸ் பெரும்பாலும் தராது.

இங்க ஸ்டியரிங் இடது பக்கம்ங்கறதால சைட்டும் இடது பக்கம் இருந்தா ஜன்னல்ல எட்டிப் பாத்தே விட்டுடலாம், வலது பக்கம்னா குருட்டுப் பக்கம்தான். பல கேம்ப்கிரவுண்ட்ல ரோடு ஒன்வே, சைட் இடது பக்கமா வரட்டும்னு சுத்தி எதிர்ல வரவும் முடியாது, அதனால புக் பண்ணும்போதே மேப் பாத்துடுங்க.

முக்கியமானது பின்னாடி நிக்கிற ஆள். நம்ம ஊர் லாரி கிளீனர் பாடிய தட்டிக்கிட்டே "வா வா வா... ஹோல்டான்"னு சொல்லுவாரே, அந்த மாதிரி ஒரே ஒரு ஆள் போதும். மாமா வலதுங்கறார், மச்சான் ஒடி ஒடிங்கறான், பாட்டி ஐயோங்கறாங்க, டிரைவர் யார் பேச்சதான் கேப்பார்? அந்த ஒரு ஆளும் கண்ணாடில தெரியிற மாதிரி நிக்கணும், தெரியலன்னா பிரேக்க மிதிச்சிடணும். அப்பப்ப இறங்கிப் பாக்க வெக்கப்பட வேண்டாம், பக்கத்து சைட்டுல சேர் போட்டு வேடிக்க பாக்கத்தான் செய்வாங்க, பாக்கட்டும்.

அடுத்த தடவ இந்த மாதிரி கட்டுரை போட்டா இதுக்கும் ஒரு பத்தி ஒதுக்குங்க சார். வண்டி எடுக்குற அன்னிக்கே ஏதாவது காலி பார்க்கிங்ல ரெண்டு பெட்டிய வெச்சு நாலு தடவ ரிவர்ஸ் எடுத்துப் பாக்கச் சொல்லுங்க.

இப்படிக்கு,
ஒரு வாசகர், சான் ஹோசே, கலிபோர்னியா