ஒற்றை வரித் திரையிலிருந்து எங்கள் தளத்தை மீட்டவர்களுக்கு நன்றி

அன்புடையீர், வணக்கம்.

நம் வட்டாரத் தமிழ்க் குடும்பங்களுக்காகத் தொண்டூழியர்கள் நடத்திவரும் இணையத்தளம், ஏப்ரல் மாதத் தமிழ்மொழி விழாவையொட்டிச் சிறுவர் கதைசொல்லும் நிகழ்ச்சிக்குப் பதிவு நடந்துகொண்டிருந்த நேரத்தில் முடங்கிப்போனது உங்களில் பலருக்குத் தெரியும். ஐந்து வாரங்களில் அது முன்பைவிட உறுதியாக எழுந்து நின்றதையும் பார்த்தீர்கள். அதை மீட்டவர்கள் யார், எவர் என்ன செய்தார் என்பதுதான் வெளியில் தெரியாது. அவர்கள் அனைவரும் தம் பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால், பெயரை விட்டுவிட்டு உதவியை மட்டும் எழுதுகிறேன். சங்கம், கோயில், முன்னாள் மாணவர் குழு என்று எங்கேனும் இதுபோல ஒரு தளத்தைப் பராமரிப்பவருக்கு இந்த விவரங்கள் கைகொடுக்கும் என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

எங்கள் தளம், இணையத்தளங்களை உருவாக்கி நடத்த உதவும் வேர்ட்பிரஸ் மென்பொருளில் இயங்குகிறது. நிகழ்ச்சிப் பதிவு, உறுப்பினர் பக்கம், நூல் பரிமாற்றம், படத்தொகுப்பு என ஒவ்வொரு தேவைக்கும் ஒரு செருகுநிரலை, அதாவது கூடுதல் வசதி தரும் துணை நிரலைச் சேர்த்துச் சேர்த்து, நாம் பேச்சில் பிளகின் என்று சொல்லும் அவற்றின் எண்ணிக்கை 23 ஆகிவிட்டது. வெவ்வேறு நாட்டில் வெவ்வேறு மனிதர் எழுதிய 23 நிரல்கள் ஒரே கூரையின்கீழ் இருக்கும்போது, ஒன்றின் கோளாறு மற்றவற்றையும் சேர்த்து வீழ்த்தும் என்பதை அந்த வியாழக்கிழமை இரவில் கண்டோம். தளத்தின் எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் முக்கியமான பிழை ஏற்பட்டுள்ளது என்ற ஒரே வரிதான் தெரிந்தது.

முதல் நன்றி, தெம்பனிஸில் வசிக்கும் அண்ணனுக்கு. மென்பொருள் துறையில் பகலெல்லாம் உழைத்துவிட்டு வீடு திரும்பியவர், இரவு 11 மணிக்கு என் அழைப்பை எடுத்தார். விடியற்காலை இரண்டரை மணிவரை தொலைபேசியை வைக்கவில்லை. அவர் கேட்ட முதல் கேள்வி, “கடைசியாக என்ன மாறியது?” என்பதே. நாங்கள் எதையும் தொடவில்லை என்றேன். தளத்திற்கு இடம் தந்த நிறுவனத்தின் கட்டுப்பாட்டுப் பக்கத்தைத் திறந்து பார்க்கச் சொன்னார். வேர்ட்பிரஸை இயக்கும் நிரல்மொழியான பிஎச்பியின் 7.4 பதிப்பு அன்று மாலை 8ஆம் வரிசைப் பதிப்புக்கு உயர்த்தப்பட்டிருந்தது. 7.4க்கான பாதுகாப்புத் திருத்தங்கள் 2022 நவம்பரோடு நின்றுவிட்டதால் அந்த மாற்றம் சரியானதே என்றும், நம் செருகுநிரல்களில் ஏதோ ஒன்று அதற்கு ஈடுகொடுக்கவில்லை என்றும் அவர் விளக்கினார்.

நிர்வாகப் பக்கமே திறக்காத நிலையில் அவர் சொன்ன வழி எனக்குப் புதியது. கோப்பு மேலாளர் வழியாக உள்ளே சென்று, செருகுநிரல்கள் இருக்கும் கோப்புறையின் பெயரை மாற்றச் சொன்னார். உறையைக் காணாத வேர்ட்பிரஸ் எல்லாச் செருகுநிரல்களையும் செயலிழக்கச் செய்ததும் தளம் உடனே திறந்தது. பிறகு உறைக்குப் பழைய பெயரையே இட்டு, பிழைகளைத் திரையில் காட்டாமல் கோப்பில் மட்டும் எழுதும்படி அமைப்புக் கோப்பில் மாற்றம் செய்துவிட்டு, செருகுநிரல்களை ஒவ்வொன்றாக இயக்கி, ஒவ்வொரு முறையும் முகப்பைத் திறந்து பார்த்தோம். பதினான்காவதாக இயக்கிய நிகழ்ச்சிப் பதிவுச் செருகுநிரலில் தளம் மீண்டும் விழுந்தது. பிழைப்பதிவின் கடைசி வரியில் கோப்பின் பெயர், வரி எண் எல்லாம் இருந்தன: ‘கிரியேட் ஃபங்ஷன்’ என்ற செயற்கூறு, அதாவது பெயர் சொல்லி அழைக்கும் நிரல்துண்டு, வரையறுக்கப்படவில்லை. பிஎச்பி 8இல் நீக்கப்பட்டுவிட்ட அந்தச் செயற்கூற்றை, ஆண்டுக்கணக்கில் புதுப்பிக்கப்படாத அந்தச் செருகுநிரல் இன்னும் அழைத்துக்கொண்டிருந்தது.

பதற்றத்தில் அதை நீக்கப் போன என்னை அண்ணன் தடுத்ததற்குத் தனியாக நன்றி சொல்ல வேண்டும். ஒரு செருகுநிரலைச் செயலிழக்கச் செய்தால் அதன் தரவு தரவுத்தளத்தில் அப்படியே இருக்கும்; நீக்கினாலோ, சில செருகுநிரல்கள் தம் அட்டவணைகளையும் சேர்த்து அழித்துவிட்டுத்தான் போகும். அந்த அட்டவணைகளில் 214 குழந்தைகளின் பதிவு இருந்தது. அவர் குரல் ஒரு நொடி தாமதித்திருந்தால் 214 வீடுகளுக்கும் நான் தொலைபேசியில் மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும்.

இத்தகைய வீழ்ச்சி நேரும்போது, பழுதான செருகுநிரலை மட்டும் நிறுத்திவிட்டு உள்ளே நுழைய உதவும் இணைப்பை நிர்வாகியின் மின்னஞ்சலுக்கு அனுப்பும் மீட்பு வசதி, 2019இல் வந்த 5.2 பதிப்பிலிருந்தே வேர்ட்பிரஸில் இருக்கிறது. எங்களுக்கும் அந்த மின்னஞ்சல் அனுப்பப்பட்டிருந்தது. ஆனால் அது போய்ச் சேர்ந்த இடம், ஈராண்டுக்கு முன் வெளிநாட்டில் குடியேறிய முன்னாள் பொறுப்பாளரின் முகவரி. பிஎச்பி மாற்றம் குறித்த முன்னறிவிப்புகளும் அங்கேதான் கிடந்தன. மறுநாள் அவர் அவற்றையெல்லாம் தேடியெடுத்து அனுப்பியதோடு, முகவரியை மாற்ற நினைவூட்டாதது தம் தவறு என்றும் எழுதியிருந்தார். தவறு அவருடையதன்று, பொறுப்பை ஏற்ற எங்களுடையது. அவருக்கும் நன்றி. புதிய பதிவுச் செருகுநிரல் தயாராகும்வரை நான்கு நாள் தொலைபேசியிலேயே பெயர்களைக் குறித்துக்கொண்ட மூன்று தாய்மார்களுக்கும் நன்றி.

இரண்டாவதாக நான் வணங்க வேண்டியவர் பிடோக்கில் இருக்கும் அம்மையார். பேரனைப் பதிவு செய்ய வந்தவர், படிவத்தில் வேறொரு பெண்ணின் பெயரும் கைப்பேசி எண்ணும் முன்கூட்டியே நிரம்பியிருப்பதைக் கண்டார். பலர் அந்தப் பக்கத்தை மூடிவிட்டுப் போயிருப்பார்கள். அவர் திரையைப் படமெடுத்து, ‘காலை 10.20, என் கைப்பேசியில், நான் உள்நுழையவில்லை’ என்று மூன்று விவரங்களோடு அனுப்பினார். தளம் வேகமாகத் திறப்பதற்காகப் பக்கங்களைப் படியெடுத்து வைக்கும் செருகுநிரலில், உள்நுழைந்த உறுப்பினர்களின் பக்கங்களையும் படியெடுக்கும் தெரிவை முன்பொரு நாள் இயக்கியிருந்தவன் நான்தான். பழைய பதிவுப் பக்கத்திற்கு விலக்கு தந்திருந்ததால் அப்போது சிக்கல் தெரியவில்லை. புதிய செருகுநிரல் புதிய முகவரியில் உருவாக்கிய பக்கத்திற்கு அந்த விலக்கு இல்லாததால், யாரோ ஓர் உறுப்பினருக்காக உருவான பக்கம் அடுத்து வந்தவருக்கும் போனது. ‘உள்நுழையவில்லை’ என்ற அந்த ஒரு சொல் இல்லாதிருந்தால், நாங்கள் படிவத்தில் கோளாறைத் தேடி இன்னும் பல நாள் வீணாக்கியிருப்போம். கோளாறைத் தீர்ப்பதில் பாதி வேலை, கண்டதைக் கண்டபடி சொல்பவரால் நடக்கிறது. பாதி வேலையைச் செய்தவர் என்றே அம்மையாரை நான் கருதுகிறேன்.

தனிநபர் தரவு பற்றிய அச்சத்தில் நாங்கள் இருந்தபோது, சட்டத் துறையிலுள்ள அக்கா ஒருவர் சமூக மன்றத்தில் எங்களோடு அமர்ந்து நிலைமையை ஆராய்ந்தார். 500 பேர் அல்லது அதற்கு மேற்பட்டோரின் தரவு கசிந்தாலோ, கணிசமான தீங்கு விளையக்கூடுமானாலோ அதைத் தனிநபர் தரவுப் பாதுகாப்பு ஆணையத்திற்குத் தெரிவிக்க வேண்டும், அவ்வாறு தெரிவிக்க வேண்டியது என்று முடிவானபின் மூன்று நாள்தான் அவகாசம் என்பதை அவர் விளக்கினார். எங்கள் விஷயத்தில் வெளிப்பட்டது ஒருவரின் பெயரும் எண்ணும்தான் என்று பதிவேடுகளைக் கொண்டு உறுதிசெய்தோம். சம்பந்தப்பட்ட பெண்ணை நேரில் சந்தித்து நடந்ததைச் சொன்னோம். அவர் காட்டிய பெருந்தன்மையை நான் மறக்கமாட்டேன்.

அதே படியெடுப்பால் இன்னொரு தொல்லையும் இருந்திருக்கிறது. படிவத்தோடு வரும் பாதுகாப்புக் குறியீடு வேர்ட்பிரஸில் அதிகம் போனால் ஒரு நாள்தான் செல்லும். அதைவிடப் பழைய படியைப் பெற்றவர்கள் படிவத்தை அனுப்பியபோது ‘காலாவதியாகிவிட்டது’ என்று திருப்பி அனுப்பப்பட்டார்கள். படிகளின் ஆயுளை 10 மணி நேரமாகக் குறைத்ததும் அந்தப் புகார் நின்றது.

பதிவை உறுதிப்படுத்தும் மின்னஞ்சல்கள் குப்பை அஞ்சலில் விழுந்ததைச் சரிசெய்தவர் பலதுறைத் தொழிற்கல்லூரி மாணவி ஒருவர். தளம் இயங்கும் கணினியான சேவையகம் தானாக அனுப்பிய அஞ்சல்களை முறையான அஞ்சல் சேவை வழியாகப் போக வைத்தார். அனுப்பும் உரிமையைக் காட்டும் எஸ்பிஎஃப், கையொப்பமிடும் டிகேஐஎம் ஆகிய இரண்டு பதிவுகளையும் எங்கள் தள முகவரியில் சேர்த்தார். 2024 பிப்ரவரி முதல் ஜிமெயில் தனக்கு அஞ்சல் அனுப்பும் எவரிடமும் இவற்றுள் ஒன்றையாவது எதிர்பார்க்கிறது. நினைவூட்டல்கள் தாமதமாகச் சென்றதற்கும் அவரே காரணம் கண்டுபிடித்தார்: வேர்ட்பிரஸின் காலமுறைப் பணிகள் யாராவது தளத்திற்கு வந்தால்தான் ஓடும். காலை 9 மணிக்குப் போக வேண்டிய நினைவூட்டல், முதல் வருகையாளருக்காக 11.40 வரை காத்துக்கிடந்திருக்கிறது. இப்போது சேவையகமே அப்பணியை நேரந்தவறாமல் தொடங்கிவைக்கிறது.

உட்லண்ட்ஸ் வட்டாரத்தில் உயர்நிலை மூன்றில் படிக்கும் மாணவர் கண்டுபிடித்ததை இங்கே சொல்லாமல் இருக்க முடியாது. ‘சிங்கப்பூர்த் தமிழ்ச் சிறுகதைகள்’, ‘சிங்கப்பூர்த் தமிழ்ச் சிறார் பாடல்கள்’ என்ற இரு பக்கங்களின் முகவரிகளும் ‘சி’ என்ற எழுத்தோடு அறுந்து, ஒன்றின் இணைப்பைத் தொட்டால் மற்றொன்று திறந்தது. அவர் உணவங்காடி நிலையத்தில் ஒரு துண்டறிக்கையின் பின்பக்கத்தில் எழுதிக் கணக்கிட்டார். முகவரிக்கு ஒதுக்கப்பட்ட இடம் 200 குறிகள். தமிழில் ஒவ்வோர் எழுத்துக்குறியும் முகவரியாக மாற்றப்படும்போது ஒன்பது குறிகளாகிறது. அதிலும் புள்ளியும் கொக்கியும் தனித்தனியே எண்ணப்படும். ‘சிங்கப்பூர்த்’ மட்டுமே 13 எழுத்துக்குறிகள், அதாவது 117 குறிகள். ‘தமிழ்ச்’ 63. இடையே இரண்டு சிறு கோடுகள். மீதி 18இல் ‘சி’க்குத்தான் இடம். இனி முகவரிகளைக் குறுகிய தமிழில் நாங்களே இடுகிறோம். தமிழில் முகவரி வைப்பதையே விட்டுவிடலாம் என்று சிலர் சொன்னபோது வேண்டாம் என்று வாதாடியவரும் அந்த மாணவர்தான்.

கடைசியாக, செங்காங் நண்பரும் ஈசூன் ஆசிரியையும். காப்புப்படி இருக்கிறது என்று நான் சொன்னபோது, “திறந்து பார்த்தீர்களா?” என்று கேட்டவர் நண்பர். பார்த்ததில்லை. தனியாக ஒரு சோதனைத் தளத்தில் அதை ஏற்றியதும், செய்திப் பக்கங்கள் சரியாக வந்தன. ஆனால் பழைய தளத்திலிருந்து கொண்டுவரப்பட்ட கவிதைப் பகுதி முழுதும் சிதைந்து தெரிந்தது. சில கவிதைகளில் பொருளற்ற மேலைநாட்டு எழுத்துகள். சிலவற்றில் வெறும் கேள்விக்குறிகள். இவ்விரண்டும் ஒன்றல்ல என்று நண்பர் விளக்கியபோது என் மனம் ஒருசேர மகிழ்ந்து வாடியது. பொருளற்ற எழுத்துகள் தெரிந்தால் தமிழ் உள்ளே பத்திரமாக இருக்கிறது. ஓர் எழுத்துக்கு மூன்று பைட்டுகளாக, அதாவது கணினிச் சேமிப்பின் மூன்று சிறு அலகுகளாகச் சேமிக்கப்பட்ட தமிழை, லத்தீன் என்று பெயரிட்ட அட்டவணை மூன்று தனி எழுத்துகளாகக் காட்டுகிறது, அவ்வளவே. நேரடியாக மாற்றினால் சிதைவு இரட்டிப்பாகும் என்பதால், அட்டவணையில் கவிதைகள் இருந்த நெடுவரிசையை முதலில் எழுத்தற்ற வெறும் பைட்டு வகையாக்கி, பிறகு உலக மொழிகளின் எழுத்துகளுக்கான பொதுக் குறியீட்டு முறையான யூனிகோடை முழுதாக ஏற்கும் வகைக்கு மாற்றினார். எல்லாவற்றையும் நகலில்தான் செய்தார். கேள்விக்குறியாகவே சேமிக்கப்பட்டவையோ போனவை போனவைதாம். தமிழை ஏற்கத் தெரியாத அட்டவணை, அதைப் பெற்ற அன்றே கேள்விக்குறியாக்கிவிட்டது.

அப்படிப் போனவை 41 கவிதைகள். யூனிகோட் பரவுவதற்கு முன், மறைந்த நா. கோவிந்தசாமி உருவாக்கிய கணியன் மென்பொருளைக் கொண்டு தட்டச்சு செய்யப்பட்டவையும் அவற்றில் உண்டு. பணி ஓய்வு பெற்ற ஈசூன் ஆசிரியை தம் அலமாரியிலிருந்த பழைய அச்சுப்படிகளை ஒரு துணிப்பையில் கொண்டுவந்தார். கண்புரை அறுவைச் சிகிச்சை முடிந்து சில வாரங்களே ஆகியிருந்தும், ஒரு நாளைக்கு இரண்டு கவிதைகள் என்று எழுத்துக்கூட்டித் தட்டச்சு செய்தார். ஒற்றுப்பிழை ஒன்று கண்டாலும் அச்சுப்படியோடு மூன்று முறை ஒப்பிடுவார். 38 கவிதைகள் இப்போது தளத்தில் இருக்கின்றன. எஞ்சிய மூன்றுக்கு மட்டும் அச்சுப்படி கிடைக்கவில்லை. அவற்றின் தலைப்புகளைத் தளத்தின் முகப்பில் இட்டிருக்கிறோம். உங்கள் வீட்டுப் பழைய மலர்களிலோ கோப்புகளிலோ அவை கிடைத்தால், படமெடுத்து அனுப்புங்கள். ஆசிரியை தட்டச்சு செய்யக் காத்திருக்கிறார்.

மனமார்ந்த நன்றியுடன்,
தளப் பராமரிப்புத் தொண்டூழியர்
சிங்கப்பூர்